படகு வீட்டுக்குக் கரை மின்சாரம்: கரண்ட் தூணிலிருந்து உள்ளே ஸ்விட்ச் வரை முழுமையான வழிகாட்டி

படகில் குடியிருப்பவர் கரையிலிருந்து கரண்ட் இழுக்கும்போது பெரிய தலைவலி எர்த் ஒயர்தான். அது இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. இருந்தாலோ, அதே ஒயர் வழியாகப் படகின் எஃகுத் தகடு தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் அரித்துப்போகும். பிளக், கேபிள், பிரேக்கர் எல்லாம் வீட்டு ஒயரிங் தெரிந்தவருக்குப் பாதி பழகிய விஷயங்கள். எர்த் அப்படியல்ல. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

இங்கே பேசப்போவது இங்கிலாந்துக் கால்வாய்களின் நேரோபோட் பற்றி. 6 அடி 10 அங்குல அகலம், 72 அடி வரை நீளம், எஃகு உடல். இன்று கட்டும் படகுகளில் பெரும்பாலும் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, மேலே கேபின் 4. இந்த எண்களை நினைவில் வையுங்கள், அரிப்பு பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும். நிரந்தர இடமில்லாமல் 14 நாளுக்கொரு முறை நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்குக் கரை மின்சாரம் அபூர்வம். சோலாரும் எஞ்சினும்தான் அவர்களுக்கு. படகுத்துறையிலோ சொந்த மூரிங்கிலோ (படகு கட்டும் இடம்) கட்டிப்போட்டிருப்பவர்களுக்கும், அப்படி ஒரு இடத்துக்கு மாறப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலிலேயே ஒன்று. 230 வோல்ட் பக்கம் எது செய்தாலும், கடைசியில் படகு ஒயரிங் தெரிந்த தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு வேலை மட்டும் செய்தவர் போதாது. ஏன் என்பது கீழே தானாகவே விளங்கும்.

படி 1: எத்தனை ஆம்ப் கிடைக்கிறது என்று கேளுங்கள்

கரைத் தூணில் வருவது நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாக்கெட்தான் வேறு. வட்டமான, நீல நிற, 16 ஆம்ப் த்ரீ பின். கேரவன் நிறுத்தும் இடங்களிலும் இதுவே. 32 ஆம்ப் நீல சாக்கெட் வைத்த படகுத்துறைகளும் உண்டு. அது உருவத்தில் பெரியது, 16 ஆம்ப் பிளக் அதில் பொருந்தாது.

16 ஆம்ப் என்றால் 3,680 வாட். கேட்க நிறையத் தோன்றும். 3 கிலோவாட் கெட்டில் ஒன்றே 13 ஆம்ப் எடுத்துக்கொள்ளும். 2 கிலோவாட் ரூம் ஹீட்டருக்கு 8.7. வெந்நீர்த் தொட்டியின் 1 கிலோவாட் எலிமெண்டுக்கு 4.3. பேட்டரி இறங்கியிருக்கும்போது 70 ஆம்ப் சார்ஜர் கரையிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 5. ஆக, ஹீட்டரும் சார்ஜரும் ஓடும்போது கெட்டிலைத் தட்டினால் 26 ஆம்ப் தாண்டிவிடும், தூணில் பிரேக்கர் விழும். பழைய மூரிங்குகள் சிலவற்றில் 10 ஆம்ப், ஏன் 6 ஆம்ப்கூட உண்டு. 6 ஆம்ப் என்றால் வெறும் 1,380 வாட். இடம் பிடிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாடகையை அப்புறம் பேசலாம்.

பிரேக்கர் விழுந்தால் நல்லது. விழாமல் இருப்பதுதான் கவலை. 16 ஆம்ப் பிரேக்கர் 18 ஆம்ப்பில் மணிக்கணக்காகத் தாங்கும். தரநிலையே அதற்கு இடம் கொடுக்கிறது. 23 ஆம்ப்பில்கூட ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே விதி. அந்த நேரமெல்லாம் சூடேறுவது பிளக்கின் பித்தளைப் பின்கள். அதனால் 16 ஆம்ப் தூணில் தொடர்ந்து 12, 13 ஆம்ப்புக்கு மேல் ஓட்டாமல் இருப்பதே என் வழக்கம்.

உள்ளே வரும் ஆம்ப்பைத் தானே கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர்-சார்ஜர்கள் இருக்கின்றன. விக்ட்ரான் மல்டிபிளஸ் போன்றவற்றில் 'கரையிலிருந்து 6 ஆம்ப்தான்' என்று வைத்துவிட்டால், கெட்டில் போடும்போது மீதியைப் பேட்டரியிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். குறைந்த ஆம்ப் மூரிங்கில் இருப்பவருக்கு இது காசுக்கு ஏற்ற பொருள்.

கட்டணம் பெரும்பாலும் ப்ரீபெய்டு கார்டிலோ தனி மீட்டரிலோ. குளிர்காலத்தில் 1 கிலோவாட் ஆயில் ஹீட்டர் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 24 யூனிட். கார்டு எப்படித் தீர்கிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

படி 2: கேபிளும் இரண்டு முனைகளும்

2.5 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், ரப்பர் உறை போட்ட எச்07ஆர்என்-எஃப் (H07RN-F) வகைக் கேபிள் வாங்குங்கள். கடையில் நீல நிற பிவிசி கேபிள் விலை குறைவாகக் கிடைக்கும். வெயிலும் உரசலும் எண்ணெயும் தாங்குவது ரப்பர்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 16 ஆம்ப் பிளக் மாட்டி விற்பதும் உண்டு. உறையில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நீளம் 25 மீட்டர் வரை சரி. 2.5 சதுர மில்லிமீட்டரில் 16 ஆம்ப் ஓடினால் 25 மீட்டருக்கு 7 வோல்ட் போல இழப்பு. இரண்டு கேபிளைச் சேர்த்து 50 மீட்டர் ஆக்கினால் 14 வோல்ட். நடுவில் ஒரு இணைப்பு வேறு புல்லில் கிடக்கும். மழை பெய்ததும் முதலில் பழுதாகும் இடம் அதுதான். ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டுமென்றால் இணைப்பைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். மீதிக் கேபிளைச் சுருளாகச் சுற்றி வைக்கவே கூடாது, ஹீட்டர் ஓடும்போது நடுச்சுற்று உருகிவிடும். தளர்வாக எட்டுப் போல மடித்துப் போடலாம்.

முனைகளில் குழப்பமே வேண்டாம். தூணில் இருப்பது சாக்கெட், அதனால் கேபிளின் கரை முனையில் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக். படகுச் சுவரில் இருப்பது பின்கள் உள்ள இன்லெட், அதனால் கேபிளின் படகு முனையில் துளைகள் உள்ள கனெக்டர். கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் எப்போதும் துளைதான் இருக்க வேண்டும். கைபடும் பின்னில் ஒருபோதும் கரண்ட் இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய கேபிளை யாராவது இரவல் கொடுத்தால், வாங்கி உடனே ஒரு முனையை வெட்டிவிடுங்கள். நட்பு பிறகு சரியாகிவிடும்.

பிளக்கை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பழுப்பு கட்டிய பிளாஸ்டிக், நிறம் மாறிய பின், லேசான மீன் வாடை: இந்த மூன்றில் எது இருந்தாலும் இறுக்கிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூ தளர்ந்து தொடக்கத்திலேயே தெரிந்தால் மட்டும் இறுக்கலாம். உள்ளே எர்த் ஒயர் மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். கேபிள் இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அதுதான்.

படி 3: படகுக்குள் என்னென்ன, எந்த வரிசையில்

இன்லெட்டிலிருந்து உள்ளே வரும் வரிசை இது: இன்லெட், பிறகு எர்த் ஒயரில் மட்டும் கால்வானிக் ஐசொலேட்டர் (தகடு அரிப்பதைத் தடுப்பது, படி 4இல் விளக்கம்), பிறகு மெயின் பிரேக்கர், சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச், ஆர்.சி.டி, தனித்தனி பிரேக்கர்கள், சாக்கெட்டுகள்.

மெயின் பிரேக்கர் இன்லெட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். பின்பக்கம் இன்லெட், முன்பக்கம் சமையலறையில் பிரேக்கர் என்று 15 மீட்டர் ஒயர் பாதுகாப்பில்லாமல் ஓடும் பழைய படகுகள் உண்டு. அப்படி இருந்தால் பின்னாலேயே ஒரு சின்னப் பிரேக்கர் பெட்டி போடுங்கள்.

ஆர்.சி.டி என்பது ஊரில் நாம் இ.எல்.சி.பி என்று வழக்கமாகச் சொல்லும் வேலையைச் செய்வது, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிப்பது. 30 மில்லியாம்பியர், இரண்டு ஒயரையும் துண்டிக்கும் டபுள் போல், டைப் ஏ. டைப் ஏசி மலிவு. ஆனால் சார்ஜர், வாஷிங் மெஷின் போன்ற எலக்ட்ரானிக் சாமான்களின் கசிவில் டிசி கலந்திருக்கும், அதை டைப் ஏசி ஒழுங்காக உணராது. தூணிலும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி இருக்க வேண்டும் என்பது விதி. அதை நம்பிப் படகில் போடாமல் விடாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது தூணின் ஆர்.சி.டி உங்களுக்குப் பாதுகாப்பே அல்ல.

தனிப் பிரேக்கர்களும் டபுள் போலாக இருக்கட்டும். வீட்டில் ஃபேஸை மட்டும் துண்டிக்கும் பிரேக்கர் போதும். படகு ஊர் ஊராகப் போகிறது. ஏதோ ஒரு தூணில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், பிரேக்கரை அணைத்த பிறகும் ஒயரில் ஃபேஸ் நிற்கும். அணைத்துவிட்டோம் என்று கை வைப்பவருக்குத்தான் அடி.

கரை, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் இவற்றில் எந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஒயரிங்கில் சேர முடியாதபடி இருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கொருமுறை வாங்கும் போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழுக்கும் இதைப் பார்ப்பார்கள். 'கரை – 0 – இன்வெர்ட்டர்' என்று திருகும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்று போதும். 'ஞாபகமாக ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுவேன்' என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

படி 4: எர்த் – உயிரைக் காப்பதும் தகட்டைத் தின்பதும்

முதலில் உயிர். படகின் உள் எர்த் பஸ்பாரிலிருந்து (எர்த் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) ஒரு தடித்த ஒயர் எஃகு உடலில் வெல்ட் செய்த போல்ட்டுக்குப் போக வேண்டும். 12 வோல்ட் பக்கத்தின் நெகட்டிவும் அதே இடத்தில் உடலோடு சேரும். வெந்நீர் எலிமெண்ட் உடைந்து ஃபேஸ் உடலில் பட்டால், கரண்ட் இந்த எர்த் வழியாகக் கரைக்குத் திரும்பி ஓடும், ஆர்.சி.டி நொடியில் விழும். எர்த் இல்லாவிட்டால் படகு முழுக்க 230 வோல்ட்டில் நிற்கும். கரையில் நின்றுகொண்டு கைப்பிடியைத் தொடும் முதல் ஆள் எர்த் ஆகிவிடுவார். தண்ணீருக்குள் கசிந்தாலும் அதே ஆபத்துதான். நன்னீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, மனித உடல் அதைவிட நன்றாகக் கடத்தும். அதனால் பக்கத்தில் நீந்துபவர் வழியாகக் கரண்ட் பாயும், கைகால் விறைத்து மூழ்கிவிடுவார். கரண்ட் தூண்கள் உள்ள படகுத்துறையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது தகடு. எர்த் ஒயரைக் கரையில் செருகிய நொடியில் உங்கள் படகு, பக்கத்துப் படகு, அதற்கடுத்தது, கரையோரம் அடித்த எஃகுத் தகட்டுச் சுவர் எல்லாம் ஒரே ஒயரில் கோத்தாகிவிட்டது. எல்லாமே ஒரே தண்ணீரிலும் நிற்கின்றன. இரண்டு வேறு உலோகம், நடுவில் தண்ணீர், மேலே அவற்றைச் சேர்க்கும் ஒயர்: இதற்குப் பெயர் பேட்டரி. எந்த உலோகம் எளிதில் கரைகிறதோ அது கரையும்.

நன்னீர்ப் படகுகளில் அடியில் மெக்னீசியம் அனோடு வைப்பது, எஃகுக்கு முன்னால் அது கரையட்டும் என்பதற்காக. எர்த்தில் எல்லாரும் சேர்ந்துவிட்டால் உங்கள் அனோடு, அனோடு தீர்ந்த பக்கத்துப் படகையும் கரைச் சுவரையும் சேர்த்துக் காப்பாற்றப் போய்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு முறை உங்கள் தகட்டுக்கு. பரவலாக மெல்லியதாகாமல், பெயின்ட் உரிந்த இடத்தில் மட்டும் குழி விழும். தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் முழுக் காப்பீடு கிடைப்பது கஷ்டம். 6 மில்லிமீட்டர் பக்கத்தகட்டில் அதற்கு இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் எர்த்தைக் கழற்றிவிடலாமே' என்று கால்வாயோரத்தில் யோசனை சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். மேலே சொன்ன 230 வோல்ட் படகு அதுதான். சரியான வழி இரண்டு.

ஒன்று, கால்வானிக் ஐசொலேட்டர். உள்ளே இரண்டிரண்டாக, எதிரெதிர்த் திசையில் வைத்த டயோடுகள். ஒவ்வொரு டயோடும் 0.6 வோல்ட் வரை கதவைத் திறக்காது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருப்பதால் 1.2 வோல்ட் வரை அடைத்து வைக்கும். உலோகங்களுக்கிடையே உண்டாகும் வோல்ட்டேஜ் சாதாரணமாக இதற்குள் அடங்கிவிடும். பழுது வந்து 230 வோல்ட் பாய்ந்தால் டயோடுகள் முழுசாகத் திறந்து கரண்டை விட்டுவிடும், பிரேக்கர் விழும். வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். 'ஃபெயில்-சேஃப்' வகையா, அதாவது எரிந்தாலும் எர்த் பாதை அறுந்துபோகாததா? உள்ளே கெப்பாசிட்டர் இருக்கிறதா? சார்ஜர்களின் ஃபில்டரிலிருந்து எர்த்தில் எப்போதும் சிறிது ஏசி கசியும். கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அந்தக் கசிவே டயோடைத் திறந்துவிடும், அடைப்பு போய்விடும்.

இன்லெட்டிலிருந்து வரும் எர்த் ஒயர் வேறெதையும் தொடாமல் நேராக ஐசொலேட்டருக்குள் போக வேண்டும். அதன் மறு பக்கத்திலிருந்துதான் பஸ்பாரும் உடலும். இன்லெட் உலோகத்தாலானதாக இருந்து அதன் உறை படகின் சுவரைத் தொட்டால், ஐசொலேட்டரைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்குவழி. பிளாஸ்டிக் இன்லெட் போடுங்கள். கரையிலிருந்து இழுத்த டிவி கேபிளின் ஷீல்டும், ஜன்னல் வழியாகத் தனியாக இழுத்த எக்ஸ்டென்ஷனும் இதே போல்தான்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். கரை மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து இரண்டு முனையிலும் தொடுங்கள். ஒயரை மாற்றித் தொடுங்கள். இரு திசையிலும் 0.8லிருந்து 1 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும். கெப்பாசிட்டர் உள்ளதில் எண் மெதுவாக ஏறி நிற்கும். பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட், அடைப்பே இல்லை. எதுவுமே காட்டாவிட்டால் பாதை அறுந்திருக்கிறது, கரை மின்சாரத்தைத் தொடாதீர்கள். இன்னொரு சோதனை: கரையில் இணைத்த நிலையில் அதே இரண்டு முனையில் டிசி வோல்ட் பாருங்கள். 0.3, 0.7 என்று ஏதாவது நின்றால், அந்த அளவு அரிப்பை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. சரியாகப் பூஜ்யமே நின்றால் எங்கேயோ குறுக்குவழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது வழி, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கரை எர்த் டிரான்ஸ்ஃபார்மரோடு நின்றுவிடும். படகுக்குள் வருவது காந்தம் வழியாகப் பிறந்த புது கரண்ட். உலோகத் தொடர்பே இல்லை, 1.2 வோல்ட் கணக்கும் இல்லை. தூணில் ஃபேஸ்–நியூட்ரல் மாறியிருந்தாலும் உங்களைப் பாதிக்காது. இருபது கிலோவைத் தாண்டும் எடை, ஐசொலேட்டரைப் போலப் பல மடங்கு விலை, சூடும் உண்டு. போடும் நொடியில் பெரிய இழுப்பு இழுக்கும் என்பதால் சாஃப்ட் ஸ்டார்ட் உள்ளதை வாங்காவிட்டால் தூணின் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். தூணின் ஆர்.சி.டிக்கு உங்கள் படகின் கசிவு இனி தெரியாது, ஆகவே படகில் சொந்த ஆர்.சி.டி கட்டாயம். வருடம் முழுக்க ஒரே படகுத்துறையில் செருகியே இருப்பவருக்கு இதுதான் நல்லது என்பது என் கட்சி. கோடையில் சில வாரம் மட்டும் செருகுபவருக்கு ஐசொலேட்டர் போதும்.

படி 5: நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேரும்

வீட்டு எலக்ட்ரீஷியன் சறுக்கும் இடம் இது. கரை மின்சாரத்தில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் கரையில்தான் எங்கோ சேர்ந்திருக்கும். படகுக்குள் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நியூட்ரல் கரண்டின் ஒரு பகுதி எர்த் வழியாகத் திரும்பும், ஆர்.சி.டி விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரில் ஓடும்போது நிலைமை தலைகீழ். அப்போது மூலமே படகுக்குள் இருக்கிறது. அங்கே நியூட்ரல் எர்த்தோடு சேராவிட்டால் ஆர்.சி.டி விழ வழியே கிடையாது. நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜரில் இதற்கென்றே ஒரு ரிலே இருக்கும்: கரை வந்தால் பிரிக்கும், போனால் சேர்க்கும். தனி இன்வெர்ட்டராக இருந்தால் இணைப்பு இன்வெர்ட்டர் பக்கத்தில், சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்சுக்கு முன்னால். ஜெனரேட்டருக்கும் அப்படியே. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் படகுப் பக்கச் சுருளில்.

ஆர்.சி.டியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே, எர்த் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த பட்டன் எர்த் இல்லாமலும் வேலை செய்யும்.

படி 6: ஒயர்

வீட்டில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் படகில் வேண்டாம். டீசல் எஞ்சின் அதிர்வில் ஸ்க்ரூ ஓரத்தில் முறியும். பல இழை ஒயர், முனையில் குழாய்போல் நசுக்கிப் போடும் ஃபெரூல். சால்டர் வைக்க வேண்டாம். சால்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அங்கேயே முறியும்.

பழைய நேரோபோட்டில் சுவருக்குள் வெப்பத் தடுப்பாக வெள்ளை பாலிஸ்டைரீன் பலகை அடைத்திருப்பார்கள். பிவிசி ஒயர் அதைத் தொட்டபடி வருடக்கணக்கில் இருந்தால், ஒயரை வளையவைக்கும் பிளாஸ்டிசைசர் பாலிஸ்டைரீனுக்குள் போய்விடும். பலகையைக் கழற்றிப் பார்த்தால் ஒயர் அதில் உருகி ஒட்டியது போலப் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருக்கும். உருவி வளைத்தால் உறை முறுக்கு போல் உடையும். அந்த ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் புதிதாக ஓட்டுவதைத் தவிர வழியில்லை. எந்த ஒயரும் காஸ் சிலிண்டர் பெட்டிக்குள் போகக் கூடாது, அடித்தள நீர் தேங்கும் இடத்திலும் கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள். இன்று ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள். 2004க்கு முன் கட்டிய படகில் நம் ஊர் மாதிரி ஃபேஸ் சிவப்பு, நியூட்ரல் கருப்பு என்று இருக்கலாம். அதே படகில் 12 வோல்ட் பாசிட்டிவும் சிவப்பு, நெகட்டிவும் கருப்பு. ஒரே துளை வழியாக இரண்டும் ஓடும் படகுகள் உண்டு. டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

படி 7: 12 வோல்ட் பக்கம், சுருக்கமாக

2,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டிலிருந்து 185 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். அதற்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், முடிந்தவரை குட்டையாக. பேட்டரி பாசிட்டிவ் ஓரத்திலேயே ஃபியூஸ். லித்தியம் பேட்டரியாக இருந்தால் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். ஷார்ட் ஆனால் அது கொடுக்கும் கரண்டைச் சாதாரண ஃபியூஸ் அறுக்கத் திணறும். சார்ஜர் அமைப்பில் லெட்-ஆசிடுக்கு 14.4, லித்தியம் ஐயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 பக்கம் என்று அந்தந்த பேட்டரிக்காரர் சொன்னதை வையுங்கள்.

நள்ளிரவில் ஃபிரிட்ஜ் தானாக நின்றால் பேட்டரியைக் குறைசொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். 8 மீட்டர் தள்ளி இருக்கும் ஃபிரிட்ஜுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால், 5 ஆம்ப்பில் போக வர 0.6 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.25.

படி 8: செருகுவதும் கழற்றுவதும்

செருகும்போது: படகின் மெயின் பிரேக்கரை அணையுங்கள், தூணின் ஸ்விட்ச்சை அணையுங்கள். கேபிளை முதலில் படகில் செருகுங்கள், பிறகு தூணில். தூணைப் போடுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் காட்டும் படகின் போலாரிட்டி விளக்கைப் பாருங்கள். மாறியிருப்பதாகக் காட்டினால் அப்படியே கழற்றிவிட்டு அலுவலகத்தில் சொல்லுங்கள். சரி என்றால் மெயின் பிரேக்கர்.

கழற்றும்போது: படகு மெயின், தூண் ஸ்விட்ச், முதலில் தூணிலிருந்து பிளக், கடைசியில் படகு. இன்லெட்டின் மூடியை இறுக்கி மூடுங்கள்.

மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் ஒன்று சில பவுண்டில் கிடைக்கும். புது இடத்தில் செருகியதும் ஒரு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் மாற்றத்தையும் எர்த் இல்லாததையும் காட்டும். எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது.

கேபிள் தண்ணீருக்கு மேல் தொங்கும்போது படகு நகர இடம் கொடுத்துத் தளர்வாக விடுங்கள், ஆனால் தண்ணீரைத் தொடாமல். இன்லெட்டுக்கு முன் ஒரு தொங்கல் இருக்கட்டும். மழை நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மாதம் ஒரு முறை ஆர்.சி.டி டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

கரையில் சொந்த வீடு இருந்தால்

தோட்டத்தின் முடிவிலேயே கால்வாய், வீட்டு சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் போச்சு என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான வீடுகளில் எர்த் என்பது மின்வாரிய நியூட்ரலோடு சேர்த்தே வருகிறது. தெருவில் அந்த நியூட்ரல் அறுந்தால், எர்த்தில் கட்டியதெல்லாம் ஃபேஸ் வோல்ட்டேஜுக்கு ஏறும். வீட்டுக்குள் எல்லா உலோகமும் சேர்ந்தே ஏறுவதால் வித்தியாசம் தெரியாது. ஈர மண்ணில் நின்று எஃகுப் படகைத் தொடுபவருக்கு முழு வித்தியாசமும் தெரியும். அதனால்தான் 2002 மின் விநியோக விதிகள் இந்த வகை எர்த்தைப் படகுக்கும் கேரவனுக்கும் கொடுக்கக் கூடாது என்கின்றன. தோட்டத்தில் தனி எர்த் ராடு அடித்துத் தனி ஆர்.சி.டியுடன் தூண் வைக்க வேண்டும், அல்லது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டையும் எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால்

படகின் ஆர்.சி.டி விழுந்தால், எல்லாத் தனிப் பிரேக்கரையும் அணைத்துவிட்டு ஆர்.சி.டியை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதில் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் பழுது. முதல் சந்தேகம் எப்போதும் வெந்நீர் எலிமெண்ட், அடுத்தது வாஷிங் மெஷின். எல்லாம் அணைத்தும் ஆர்.சி.டி நிற்கவில்லை என்றால், ஒற்றைப் போல் பிரேக்கர் போட்டிருக்கிறார்கள், எங்கேயோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று ஊகிக்கலாம். அப்போது நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். டபுள் போல் பிரேக்கர் இந்த வேலையை மிச்சப்படுத்தியிருக்கும்.

குறிப்பாக எதிலும் விழாமல், எல்லாம் ஓடும்போது மட்டும் விழுந்தால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி 15க்கு மேலேயே விழ அனுமதி உண்டு. சார்ஜர், லேப்டாப், டிவி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்து கூட்டினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஆர்.சி.பி.ஓ (ஆர்.சி.டியும் பிரேக்கரும் ஒன்றாகச் சேர்ந்தது) போட்டால் படகுக்குள் கசிவு பிரிந்துவிடும். தூணில் இருக்கும் ஒற்றை ஆர்.சி.டி மட்டும் மொத்தக் கூட்டலையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

படகின் மெயின் பிரேக்கரை அணைத்த பிறகும் தூணில் விழுந்தால் பழுது கேபிளிலோ இன்லெட்டிலோ. கேபிளைப் படகிலிருந்து கழற்றிவிட்டுத் தூணை மட்டும் போட்டுப் பாருங்கள். விழாமல் நின்றால் இன்லெட்டில் ஈரம்: துடைத்து, திறந்து, காயவிட வேண்டும். அப்போதும் விழுந்தால் கேபிள். கேபிளையும் கழற்றிய பிறகு விழுந்தால் அது படகுத்துறைக்காரரின் பாடு. தூணின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள், அலுவலகத்தில் தூண் எண்ணைச் சொல்லிவிட்டு அன்றிரவு பேட்டரியில் ஓட்டுங்கள்.